மூடிய சாலையில் ஒரு கல்யாண வேன்

சனி, பிற்பகல் மூன்று மணி

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்தில் நான் இறங்கியபோது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் மாற்றுடை. மற்றொன்று என் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கும் கறுப்புப் பை. அதற்குள் சக்கரங்களைக் கழற்றி வைத்த என் சைக்கிள். காலையில் கரூரில் ஏறி, திருச்சியில் ரயில் மாறி, தஞ்சாவூர், மயிலாடுதுறை, சிதம்பரம் வழியாக வந்து சேர்ந்திருந்தேன். கொள்ளிடம் தாண்டியதிலிருந்து நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. மறுநாள் காலை சைக்கிளில் போகப்போகும் ஊர்களையெல்லாம் முதல் நாளே எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நான் கரூரில் கொசுவலை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது நாற்பத்தேழு. முழங்கால் வலிக்காக மருத்துவர் சொல்லித் தொடங்கிய சைக்கிள், மூன்று வருடத்தில் பைத்தியமாகவே முற்றிவிட்டது. கடலூர் வெள்ளிக் கடற்கரையிலிருந்து சிதம்பரம் அண்ணாமலை நகர் வரை ஐம்பது கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். பரிசுக்கான பந்தயம் இல்லை. என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களுக்கானது. ஆனாலும் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடித்தால் பதக்கம் உண்டு. முடித்துவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். மாயனூர் சாலையில் காவிரிக் காற்றை எதிர்த்து ஓட்டிய கால்கள் இவை.

நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் என் பையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாக்கா இது, இந்த கனம் கனக்குது?"

"சைக்கிள்ங்க. நாளைக்கு ஓட்டறதுக்கு வந்திருக்கேன்."

"ஓ, நாளைக்கு ரோட்ட மூடுறது உங்களுக்குத்தானா?" அவர் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியில் நின்றது. "நாளைக்கு முகூர்த்த நாளுக்கா. சிதம்பரத்துக்கு ரெண்டு கல்யாண சவாரி ஒத்துக்கிட்டிருந்தேன். பழைய ரோடு காலைல பத்து மணி வரைக்கும் கெடையாதுன்னு நேத்துதான் ஒரு போலீசுக்காரரு சொன்னாரு. ரெண்டையும் வேற ஆளுக்கு வுட்டுட்டேன். பைபாஸ்ல சுத்திப் போனா எனக்குக் கட்டாது."

"முன்கூட்டியே அறிவிப்பு எதுவும் இல்லீங்களா?"

"எங்க ஸ்டாண்டுக்கு வரல. வாட்சாப்புல வந்துச்சுன்றாங்க. யாரு வாட்சாப்புலயோ."

லாட்ஜுக்கு எண்பது ரூபாய்தான் வாங்கினார். அதுவே வழக்கமான கட்டணம் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மாலையில் பாடலீஸ்வரர் கோயில் தெருவில் நடந்தேன். எந்தப் பூக்கடையைப் பார்த்தாலும் கல்யாண மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனை மாலைகளையும் பார்த்துவிட்டு, இவற்றில் எத்தனை நாளைக்கு எங்கள் சாலையில் போகவேண்டியவை என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர, அதைப் பற்றி ஒன்றும் செய்யவில்லை. நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஞாயிறு, காலை ஆறு மணி

கடற்கரையில் முன்னூறு பேருக்கு மேல் கூடியிருந்தோம். சென்னையிலிருந்து வந்தவர்களே அதிகம். புதுச்சேரியிலிருந்து ஒரு கூட்டம், நெய்வேலியிலிருந்து ஒரு கூட்டம். பெண்கள் முப்பது பேர் இருப்போம். கடல் மேல் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தபோது விசில் ஊதினார்கள், கிளம்பினோம்.

மூடிய சாலையில் சைக்கிள் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று ஓட்டாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கரூரில் நான் ஓட்டும்போது என் மூளையில் பாதி முதுகுப் பக்கமே இருக்கும். எந்த லாரி, எந்தப் பேருந்து, எவ்வளவு தூரத்தில் என்று காது கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே அந்தப் பாதி மூளைக்கு வேலையே இல்லை. முதுநகரைத் தாண்டும்போது துறைமுகப் பக்கத்திலிருந்து மீன் வாசம், சிப்காட் பக்கம் வந்ததும் மூக்கில் ஏறும் வேறொரு வாடை, அதன் பிறகு வயல் காற்று. இதையெல்லாம் முகர்ந்துகொண்டே போக முடிந்தது. கால்கள் தானாகச் சுற்றின.

வழியெங்கும் ஊர்க்காரர்கள் எங்களைப் பார்க்க நின்றார்கள். கோலம் போட வந்த பெண்கள் மாவுக் கையோடு கைதட்டினார்கள். ஆலப்பாக்கத்தில் ஒரு குடும்பம் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஒரு முதியவர், வண்டிகள் வராது என்ற தைரியத்தில் சாலையின் வலது பாதியில் உளுந்தைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் வந்துடாதீங்க!" என்று எங்களை அதட்டினார். சாலை மூடியதில் லாபம் பார்த்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

நஷ்டப்பட்டவர்களும் நின்றார்கள். ஒரு டீக்கடைக்காரர் காலியான பெஞ்சில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, எங்களை ஒவ்வொருவராக முறைத்தார். பக்கத் தெருக்கள் சாலையில் சேரும் இடங்களில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்களும் ஷேர் ஆட்டோக்களும் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. அந்த முகங்களை நான் அதிக நேரம் பார்க்கவில்லை. வேகம் நன்றாக வந்துகொண்டிருந்தது; இரண்டு மணி நேரத்திலேயே முடித்துவிடலாம் போலிருந்தது.

ஏழு மணிக்குப் பிறகு

புதுச்சத்திரம் தாண்டிச் சிறிது தூரத்தில் முன்னால் போனவர்கள் நிற்பது தெரிந்தது. இருபத்தேழாவது கிலோமீட்டர். நாற்பது சைக்கிள்கள் குவிந்துகிடந்தன. ஒரு டிராக்டரை டிப்பரோடு கொண்டுவந்து சாலையின் குறுக்கே நிறுத்தியிருந்தார்கள். டிராக்டரைச் சுற்றி அந்த ஊர்க்காரர்கள் ஐம்பது அறுபது பேர். எங்களுக்கு முன்பே போய்விட்ட வேகக்காரர்கள் தப்பித்துக்கொண்டார்கள், நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

விஷயம் இதுதான். சாலைக்குக் கிழக்கே அந்தக் குப்பம். அதற்குப் பின்னால் உப்பனாறு, அதற்கும் அப்பால் கடல். ஊரைவிட்டு வெளியேற இந்தச் சாலை ஒன்றுதான் வழி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேன் நின்றது; முன்னால் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டியிருந்தது. வேனுக்குள் சீர்த் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிதம்பரத்தில் கல்யாணம். ஒன்பது மணியோடு முகூர்த்தம் முடிகிறது. வேனில் இருந்தவர் மணப்பெண்ணின் தாய்மாமன். அவர் வந்து நெற்றியில் பட்டம் கட்டினால்தான் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போவார்கள்.

தாய்மாமன் பெயர் ராஜவேலு. புது வேட்டி, புதுச் சட்டை, இரவெல்லாம் தூங்காத கண்கள். தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடித்துவிட்டு விடியற்காலையில்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார். கயிற்றைக் காவல் காத்த தொண்டரிடம் அவர் கெஞ்சவில்லை, மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"எந்தங்கச்சி பொண்ணுங்க. அதுக்குப் பத்து வயசுல அப்பன் பூட்டாரு. அப்பன் எடத்துலயும் நாந்தான் நிக்கணும், மாமன் எடத்துலயும் நாந்தான் நிக்கணும். நீங்க பத்து மணின்றீங்க."

தொண்டர் பெயர் பிரவீன். புதுச்சேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை, நாற்பது வயது இருக்கும். மஞ்சள் கோட்டு வியர்வையில் நனைந்திருந்தது; பக்கத்தில் அவருடைய பைக் நின்றது. "சார், எனக்குப் புரியுது. முன்னாடி நூத்தம்பது பேரு ஓட்டிட்டிருக்காங்க. உங்க வேன் யார் மேலயாவது பட்டுச்சுன்னா யாரு பொறுப்பு? மேல கேக்கலாம்னு போன் பண்றேன், எடுக்க மாட்றாங்க" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எரிச்சலாகவும் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் நின்ற சென்னைக்காரர், விலையுயர்ந்த சைக்கிள் வைத்திருந்தவர், குரலை உயர்த்தினார். "முறைப்படி பெர்மிஷன் வாங்கித்தான் நடத்துறாங்க. டிராக்டரை எடுங்க முதல்ல."

வேனிலிருந்து ஒரு பெண் இறங்கினார். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. ராஜவேலுவின் மனைவி மல்லிகா. அவர் கத்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"பெர்மிஷன் ஆபீசுல கேட்டீங்க. இந்த ஊர்ல யாரக் கேட்டீங்க? ஒரு ஆட்டோவுல மைக்கு கட்டி ஒரு ரவுண்டு சொல்லிட்டுப் போயிருந்தா, நாங்க எல்லாரும் நேத்து ராவே மண்டபத்துக்குப் போயிருப்போமே! காலைல கண்ணு முழிச்சா வாசல்ல கயிறு. எங்க வண்டி போகலன்னா உங்க சைக்கிளும் போகாது. அவ்ளோதான்."

"அவுங்க சொல்றது கரெக்ட்டு!" என்று டிராக்டர் பக்கத்திலிருந்து குரல்கள் எழுந்தன.

எனக்கு அப்போது தோன்றியது மிகச் சாதாரணமான ஒரு விஷயம். இருபத்தேழு கிலோமீட்டர் நான் அந்தச் சாலையில்தான் வந்திருக்கிறேன். நாங்கள் எல்லாரும் இடது பாதியில்தான் ஓட்டினோம். வலது பாதி முழுக்கக் காலி. எதிரே ஒரு வண்டி கிடையாது, ஏனென்றால் சாலையை மூடியாகிவிட்டது. அங்கே இருந்த ஒரே தடங்கல் அந்த முதியவரின் உளுந்து. அதுவும் எங்களுக்குப் பின்னால்.

சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பிரவீனிடம் போனேன்.

"தம்பி, ஒரு நிமிஷம் கேளுங்க. டிராக்டர் நிக்கிற வரைக்கும் நாங்க யாரும் நகரப் போறதில்லை. எப்படியும் நிக்கறோம். நிக்கற நேரத்துல இவங்களை அனுப்பிடலாங்க. வலது பக்கம் காலியாத்தானே கிடக்குது? உங்க பைக் முன்னால போகட்டும், வேன் பின்னாலயே மெதுவா வரட்டும். முன்னால ஓட்டறவங்களை இடது ஓரமாப் போகச் சொல்லிட்டே போங்க."

"இந்த இடத்த விட்டுட்டு நான் எப்படி மேடம் போறது? கயித்த யாரு பாக்குறது?"

"நான் பாக்கறேன். உங்க கோட்டையும் விசிலையும் குடுங்க."

"உங்க ரைடு?"

ஆறு மாதப் பயிற்சி. மேசைக்கு மேலே சுவரில் பதக்கத்தை எங்கே மாட்டுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன். ஆனால் மல்லிகா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரவீன் கோட்டைக் கழற்றும் வரை நான் நீட்டிய கையை மடக்கவில்லை.

ராஜவேலு டிராக்டர் பக்கம் திரும்பினார். "மச்சான், வண்டிய எடுடா." ஓட்டுநர் இருக்கையில் இருந்தவர், "மொதல்ல வேன் போவட்டும் மாமா, அப்புறம் எடுக்கறேன்" என்றார். எங்கள் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வேன் கயிற்றைத் தாண்டி, டிராக்டரின் மூக்கை உரசுகிற மாதிரி வளைந்து, வலது பக்கத்தில் ஏறி பிரவீனின் பைக்குக்குப் பின்னால் போனது. ஜன்னல் வழியாக மல்லிகாவிடம் என் எண்ணைச் சொன்னேன். "போய்ச் சேந்ததும் ஒரு போன் போடுங்கக்கா."

வேன் வளைவில் மறைந்த பிறகுதான் டிராக்டர் நகர்ந்தது. சென்னைக்காரர் எல்லாருக்கும் முன்னால் பாய்ந்து போனார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கயிற்றின் இந்தப் பக்கம்

மஞ்சள் கோட்டு எனக்குத் தொளதொளவென்று இருந்தது. ஐந்து நிமிடம் எல்லாம் சரியாக நடந்தது. சைக்கிள்காரர்கள் வந்தார்கள், விசில் ஊதினேன், போனார்கள். என்னை நானே மெச்சிக்கொள்ளத் தொடங்கியபோது ஒரு ஷேர் ஆட்டோ கயிற்றில் வந்து முட்டி நின்றது. உள்ளே மீன் கூடைகள், அவற்றோடு நான்கு பெண்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். கஸ்தூரி என்று மற்றவர்கள் அவரைக் கூப்பிட்டார்கள்.

"கயித்த எடுக்கா. முட்லூரு போவணும்."

"கொஞ்சம் பொறுங்க. பைக் திரும்பி வரட்டும், அது பின்னாலயே அனுப்பறேன்."

"எப்ப வரும்?"

"ஒரு ஒன்றரை மணி நேரம் ஆகுங்க."

"நல்லாருக்கே! கல்யாணம்னா வழி வுடுவீங்க, மீனுன்னா வுட மாட்டீங்களா? ஐஸு உருகிக்கினு கெடக்கு. எட்டு மணிக்கு மேல போனா எவ வாங்குவா?"

அவரைத் தனியாக அனுப்ப எனக்குத் துணிச்சல் வரவில்லை. முன்னால் ஓட்டிக்கொண்டிருந்தவர்களில் பதினாறு வயதுப் பெண்ணும் இருந்தாள், எழுபது வயதுப் பெரியவரும் இருந்தார். அவர்கள் எல்லாரும் பின்னால் வண்டி வராது என்று நம்பித்தான் ஓட்டுகிறார்கள். அந்த நம்பிக்கையின் இனிமையைக் காலையில் முழுதாக அனுபவித்தவள் நான். இப்போது அதைக் காப்பாற்றும் பொறுப்பு என் கையில் விசிலாகத் தொங்கியது. ஆனால் எதிரே நிற்பவரின் மீனும் உண்மை. பிரவீன் ஏன் அப்படி வியர்த்திருந்தார் என்பது கோட்டைப் போட்டுக்கொண்ட பிறகுதான் புரிந்தது.

"தனியா அனுப்ப மாட்டேங்க" என்றேன். "ஆனா ஒன்றரை மணி நேரமும் உங்களை நிறுத்தி வைக்க மாட்டேன். ஏதாவது ஒரு வழி பண்ணித்தான் அனுப்புவேன்."

கஸ்தூரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"கரூர்."

"அங்கேருந்து எங்கள நிக்க வைக்க வந்தியா?" என்றார். மற்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதன் பிறகு அவர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். இன்னும் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் கயிற்றின் கீழ் நுழையப் பார்த்தபோது, "ஏய், நாங்க மட்டும் வேல இல்லாமயா நிக்கறோம்? வரிசைல நில்லு!" என்று அதட்டியது அவர்தான், என் விசிலுக்கு அவ்வளவு பலம் இல்லை.

போலீஸ் ஜீப் வந்தது. இறங்கியவர் பெண் எஸ்.ஐ., முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பார். கோட்டுப் போட்ட என்னையும், கயிற்றுக்குப் பின்னால் நின்ற வண்டிகளையும் பார்த்தார்.

"இங்க நின்னவர் எங்க? வேனை யாரு விட்டது?"

"நான்தாங்க மேடம்."

"நீங்க யாரு?"

"சைக்கிள் ஓட்ட வந்தேனுங்க."

அவர் என்னைத் திட்டினார், நன்றாகவே திட்டினார். விபத்து நடந்திருந்தால் யார் கோர்ட்டுக்குப் போவது என்று கேட்டார். நான் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டேன். அவர் மூச்சு வாங்கியபோது, வலது பாதி காலியாக இருப்பதையும், ஒரு வண்டி முன்னால் போனால் பத்து வண்டிகள் பத்திரமாகப் பின்னால் போகலாம் என்பதையும் சொன்னேன். கஸ்தூரி தன் பங்குக்குக் கூடையின் மேலிருந்த சாக்கை விலக்கி மீனைக் காட்டினார். "பாருங்க மேடம், கண்ணு வெளுக்குது. அதுக்கும் கோர்ட்டு உண்டா?"

எஸ்.ஐ. சாலையை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ஜீப்பின் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த காவலரைக் கூப்பிட்டார். "இவங்களைக் கூட்டிட்டு முட்லூர் வரைக்கும் முன்னாடி போங்க. முப்பதுக்கு மேல யாரும் போகக் கூடாது." ஒயர்லெஸ்ஸில் வழியில் இருந்த மற்ற கயிறுகளில் நின்றவர்களுக்கும் அதையே சொல்லச் சொன்னார்: இடது பக்கம் சைக்கிள், வலது பக்கம் போலீஸ் பைக்குக்குப் பின்னால் வண்டி.

ஷேர் ஆட்டோவும் மோட்டார் சைக்கிள்களும் ஒரு ஊர்வலம் போல் நகர்ந்தன. கஸ்தூரி ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, "கரூரு, அந்தக் கோட்ட கழட்டிடாத!" என்றார்.

எட்டே கால் மணி சுமாருக்கு என் போன் அடித்தது. எடுத்ததும் நாதஸ்வரமும் தவிலும்தான் கேட்டன. அதற்குள்ளிருந்து மல்லிகாவின் குரல்: "வந்துட்டோங்க! அவுரு பட்டம் கட்டிக்கினு இருக்காரு. கட்டும்போதே அழுவறாரு. நீங்க நேரா இங்க வந்து சாப்புட்டுட்டுதான் போவணும், ஆமா சொல்லிட்டேன்."

நான் சாலையில் நின்றபடி விசிலை ஊதினேன். அந்த நேரத்தில் சைக்கிள் எதுவும் வரவில்லை. ஊதவேண்டும் போலிருந்தது.

காலை ஒன்பதரைக்குப் பிறகு

பிரவீன் திரும்பி வந்ததும் கோட்டைக் கொடுத்துவிட்டு மீதி இருபத்து மூன்று கிலோமீட்டரை ஓட்டினேன். வெயில் ஏறிவிட்டது. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று எதிரே அடித்தது. பத்து மணிக்குச் சாலையைத் திறந்துவிட்டார்கள். பேருந்துகளும் லாரிகளும் என் முதுகுக்குப் பின்னால் திரும்ப வந்துவிட்டன. அண்ணாமலை நகரில் முடிவுக்கோடு இருந்த இடத்தில் காற்று நிரப்பிய வளைவைப் பிரித்துத் தரையில் போட்டு, அதன் மேல் ஏறி மிதித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். பதக்கம் கிடையாது என்றார்கள். சரி என்றேன். ஒரு வாழைப்பழமும் மோரும் கொடுத்தார்கள்.

அங்கேயே அமைப்பாளரைப் பார்த்தேன். நல்ல மனிதர், களைத்துப்போயிருந்தார். அவருக்கு ஏற்கெனவே செய்தி போயிருந்தது. "ஊர் ஊராகப் போய்ச் சொல்ல ஆள் இல்லைங்க" என்றார். "முன்னூறு பேர் ஓட்ட வந்தோமே, ஒரு ஊருக்கு ரெண்டு பேர்னு கேட்டிருந்தா முந்தின நாளே போயிருப்போம்" என்றேன். அவர் அதை மறுக்கவில்லை. அடுத்த முறை முகூர்த்த நாளைப் பார்த்துத் தேதி வைப்பதாகச் சொன்னார். அதோடு நிற்காமல் ஒவ்வொரு ஊரிலும் ஒருவரையாவது கேட்டுவிட்டு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து நகர்ந்தேன்.

மண்டபம் கீழவீதிக்குப் பின்னால். இறுக்கமான சைக்கிள் உடையில், தலைக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. மல்லிகா ஓடி வந்து ஒரு துண்டை என் தோளில் போர்த்தி, பந்தியில் உட்கார வைத்தார். சாம்பார், வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், இரண்டு வகைப் பாயசம். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்துப் பரிமாறியவர் கேட்காமலே சோற்றை வைத்தார். ராஜவேலு மணமக்களை என் இலைக்கு முன்னாலேயே அழைத்து வந்துவிட்டார். பெண்ணின் நெற்றியில் பட்டம் பளபளத்தது.

"இவுங்கதாம்மா நமக்கு ரோட்ட தொறந்தவங்க."

"நான் திறக்கலைங்க" என்றேன். "மூடினவங்கள்ல நானும் ஒருத்தி."

ராஜவேலு யோசித்தார். "அது மெய்தான்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "அப்ப இன்னொரு பாயசம் கெடையாது" என்றார். ஆனால் மல்லிகா ஊற்றிவிட்டார்.

முடிவிடத்துக்கு அமைப்பாளர்களின் வண்டியில் வந்திருந்த என் பைகளை எடுத்துக்கொண்டு, பிற்பகல் சிதம்பரத்தில் ரயில் ஏறினேன். கொள்ளிடம் வருவதற்குள் தூங்கிவிட்டேன்.

கரூர் திரும்பிய அடுத்த மாதம் எங்கள் சைக்கிள் குழு மாயனூர் வரை ஒரு காலை ஓட்டம் வைக்கத் திட்டமிட்டது. சாலையை இரண்டு மணி நேரம் மூட அனுமதி கேட்கலாம் என்றார்கள். மனு எழுதுவதற்கு முன்னால் நானும் இன்னும் மூன்று பேரும் சைக்கிளிலேயே வழியில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் போய்க் கேட்டோம். முதல் ஊரில் பால் வண்டி வரும் நேரம் சொன்னார்கள். இரண்டாவது ஊரில் ஒருவர், "எங்க ஊர்ல ஏனுங்க மூடறீங்க, உங்க ஊர்லயே மூடிக்கோங்க" என்றார். அவரோடு அரை மணி நேரம் பேசினோம், கடைசியில் காபி கொடுத்தார். மூன்றாவது ஊரில், நாங்கள் வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையன்று கோயிலுக்குத் தீர்த்தக்குடம் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஊரே அன்று சாலையில்தான் நடக்கப்போகிறது.

நாங்கள் அடுத்த ஞாயிற்றுக்குத் தேதியை மாற்றிக்கொண்டோம்.